அலமாரிக் கண்ணாடி

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்து மருத்துவ அறை. செவிச் சோதனையில் தேறாவிட்டால் ஸ்ட்ராட்டிஸ் நாளை முதல் கிரேனில் ஏற முடியாது. எதிரே டாக்டர் கலியோப்பி வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள். அவளுக்குப் பக்கவாட்டில் இருக்கும் மருந்து அலமாரியின் கண்ணாடியில், காலை வெயிலில், அவளுடைய உதடுகள் பளிச்சென்று தெரிகின்றன. அவன் அங்கிருந்து கண்ணை எடுப்பதில்லை. "ரொட்டி," என்று திருப்பிச் சொல்கிறான். "மீன்." அவள் பேனா காகிதத்தில் ஓடுகிறது. அந்தக் கீறல் சத்தம் அவனுக்குக் கேட்பதில்லை.

"கஷ்டமானதா கேளுங்க டாக்டரம்மா, இதெல்லாம் ஜுஜுபி!"

அவள் ஒருமுறை அலமாரியைத் திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி காகிதம் மேலேறுகிறது. கண்ணாடியில் உதடுகள் குவிந்து விரிகின்றன.

"எலுமிச்சை!"

அவள் காகிதத்தை இறக்கி, அவன் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாகச் சொல்கிறாள்: "சரிதாண்ணே. ஆனா இந்தத் தடவ நான் வாயத்தான் அசைச்சேன், சத்தமே போடல."