ரூட் மாறிய ரத்தக்குழாய்

"இத்தனை வருஷத்துல பஸ்ஸை ஒருநாள்கூட ரூட் மாத்தி ஓட்டாத மனுஷன். அவர் கழுத்து ரத்தக்குழாய் மட்டும் எப்படிடா ரூட் மாறிச்சு?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டிரைவரின் மனைவி தன் தம்பியிடம் புலம்பினாள்.

"பிறவியிலேயே அப்படியாம்க்கா. ஓரமா போக வேண்டியது, எடுக்க வேண்டிய கட்டிக்கு முன்னாடி வளைஞ்சு குறுக்கே போகுதாம். நல்லவேளை, ஸ்கேன்ல தெரிஞ்சுது. தெரியாம கத்தி வெச்சிருந்தா மாமா நமக்கில்லை."

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்தாள்.

"சிஸ்டர், உள்ள என்ன நடக்குது?"

"சர்ஜன் இன்னும் கழுத்தை அறுத்துட்டுதான் இருக்கார்."

அக்கா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ரத்தம் நிறைய போச்சா?"

"ஒரு சொட்டுகூட இல்லை. கத்தியையே இன்னும் எடுக்கலையே."

"கத்தி இல்லாம எதால அறுக்கறார்?"

"வாயாலதான். இப்படி ஒரு குழாயை அவர் பார்த்ததே இல்லையாம். எங்க கிளம்புது, எங்க திரும்புதுன்னு உங்க வீட்டுக்காரருக்கே படம் காட்டி விளக்கிட்டு இருக்கார்."

"இவர் கேட்கறாரா?"

"குறட்டை விடறார். ஊசி போட வந்த மயக்க டாக்டரும் பக்கத்து ஸ்டூல்ல தூங்கிட்டார். அவரை எழுப்பத்தான் தண்ணி எடுக்க வந்தேன்."

தண்ணீர் தெளித்ததும் மயக்க டாக்டர் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்தவருக்கு முறைப்படி மயக்க ஊசி போட்டார். சர்ஜன் குழாயை ஒதுக்கிவிட்டுக் கட்டியை எடுத்தார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அறுவை முடிஞ்சுதா?"

"ரெண்டு அறுவையும் முடிஞ்சுதுங்க. பயப்படாம இன்னொரு கண்ணையும் திறங்க."