எடைக்கு எடை

“ஏறு. செருப்பைக் கழட்டிட்டு ஏறு,” என்றார் ஆடிட்டர்.

மனைவி எடை மெஷினில் ஏறி நின்றாள். குனிந்து முள்ளைப் பார்த்தவரின் முகம், டாக்டர் கெட்ட சேதி சொன்னதுபோல் வாடிப்போனது.

“அறுபத்தெட்டு!”

“ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கேங்க,” என்றாள் அவள் சந்தோஷமாக.

“குறைஞ்சு என்ன பிரயோஜனம்? நீ வர வேண்டாம், வீட்டிலயே இரு. உன்னை ஏத்திக்கிட்டுப் போனா என் மைலேஜ் படுத்துடும்.”

புதுக் கார் வாங்கிய புதிதில், சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஓர் இடத்தில் ஆடிட்டர் வாய் தவறிப் புலம்பிவிட்டார். “லிட்டருக்குப் பதினாலுதான் குடுக்குது” என்றார். அதே மாடல் கார் வைத்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, காத்திருந்தவன்போல் கேட்டான்.

“பெட்ரோலைக் கார் குடிக்குதா மாமா, இல்ல நீங்க குடிக்கிறீங்களா? எனக்கு இருபது குடுக்குது. எல்லாம் ஓட்டுற கால்ல இருக்கு.”

கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று சவால் விட்டார்.

இரண்டு காரும் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், அது தானாக ‘டக்’கென்று நிற்கும்வரை பெட்ரோல் போட வேண்டும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஏரி வரை போய்த் திரும்பி, அதே குழாயில் மறுபடியும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் யார் முகத்தில் கரி என்று தெரிந்துவிடும். தோற்றவர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ‘நான் தோத்துட்டேன்’ என்று போட வேண்டும்.

ஏரி என்றதும் பிக்னிக் என்று நம்பிவிட்டது பெண்கள்தான். ஆடிட்டர் மனைவியும், முந்தின நாளே வந்து தங்கியிருந்த மச்சான் மனைவியும் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து, கூடை கூடையாக டிக்கியில் ஏற்றி, தலைவாரித் தயாராக நின்றார்கள். அப்போதுதான் எடை மெஷின் வெளியே வந்தது.

“மாமா சொல்றது நியாயம்தான்,” என்றான் மச்சான், தன் மனைவியைப் பார்த்து. “நீயும் வர வேண்டாம். நீ மட்டும் என்ன, பூ மாதிரியா இருக்கே?”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கூடையெல்லாம்?” என்றாள் ஆடிட்டர் மனைவி.

“இறக்குங்க. ரெண்டு டிக்கியிலயும் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது,” என்றார் ஆடிட்டர்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். காது கேக்கலையா?”

ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, ஏசி போடலாமா கூடாதா என்று தொண்டை வறளச் சண்டை போட்டார்கள். பெண்கள் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தார்கள். கடைசியில் மனைவி மூச்சு வாங்க வந்து காபியை நீட்டியபோது அவள் விரல்களில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. ஏதாவது பாத்திரம் அடிப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார் ஆடிட்டர்.

வண்டி அன்று சொன்ன பேச்சுக் கேட்டது. ஆக்ஸிலேட்டரைப் பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டு ஓட்டினார். ஏரியைத் தொட்டுத் திரும்பும்போது மைலேஜ் மீட்டர் லிட்டருக்கு இருபத்தொன்று என்று காட்டியது. குரூப்பில் மச்சான் மண்ணைக் கவ்வும் காட்சி கண்முன் வர, அவருக்குப் பாட்டே வந்துவிட்டது.

‘டமார்!’

வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், முன் டயர் கிழிந்து தொங்கியது. ஆள் அரவமில்லாத சாலை. டிக்கியைத் திறந்து அடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னி டயர் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

பின்னால் வந்த மச்சான் நிறுத்தி இறங்கினான்.

“டேய், நீதானே என் ஸ்டெப்னியைக் கழட்டினே?”

“நானா? உங்க வண்டியை நான் தொடவே இல்ல மாமா.” அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒரே மாடல்தானே, என்னோடதை மாட்டிக்கோங்க. ஆனா முதல்ல குரூப்ல அந்த ஒரு வரியைப் போட்டுடுங்க.”

“இருபத்தொண்ணு வந்திருக்குடா!”

“பங்க் வரைக்கும் உருட்டிக்கிட்டே வாங்க, அளந்து பாக்கலாம்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ‘நான் தோத்துட்டேன்’ என்று அடித்து அனுப்பினார். உடனே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின.

மச்சான் விசிலடித்துக்கொண்டே போய்த் தன் டிக்கியைத் திறந்தான். விசில் பாதியில் நின்றது. அங்கேயும் வெறும் பள்ளம்தான்.

ஆடிட்டரின் போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, தோத்துட்டேன்னு போட்டிருக்கீங்களே, என்னாச்சு?”

“டயர் வெடிச்சிடுச்சு! ரெண்டு வண்டியிலயும் ஸ்டெப்னியைக் காணோம்! எவனோ திருட்டுப் பய…”

“திருடெல்லாம் போகல. ரெண்டும் இங்க நம்ம கூடத்துல பத்திரமா இருக்கு. நாங்க அது மேலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்.”

பின்னால் மச்சான் மனைவி கலகலவென்று சிரிப்பது கேட்டது.

“அதை ஏன்டி கழட்டினே?” என்று அலறினார் ஆடிட்டர்.

“டிக்கியில ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”