ஹாக்கிங் வேசம்

மேலூர்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் எட்டாவது படிக்கும் முத்துமீனா, தன் சக்கர நாற்காலியிலேயே விஞ்ஞானி ஹாக்கிங்காக உட்கார்ந்திருக்கிறாள். “ஒனக்கு வேசச் செலவே இல்லடி” என்று சிரித்தபடி சுபலட்சுமி டீச்சர்தான் மாறுவேடப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் சாயங்கால வெயில், அவள் மாட்டியிருக்கும் சில்லு கழற்றிய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் மினுங்குகிறது. முத்துமீனாவுக்கு விளங்காதது கால்கள் மட்டுந்தான். கழுத்து நேராக நிற்கும், பேச்சு தண்ணியாய் ஓடும். எல்லாவற்றையும் விழுங்கும் கருந்துளையிலிருந்துகூட ஏதோ கொஞ்சம் வெளியே கசியும் என்று அந்த மனுசர் கணக்குப் போட்டுச் சொன்னதை, மேடையில் சொல்லத்தான் ஒரு மாசமாய் உருப்போட்டாள். டீச்சரோ, “அவரு எங்கடி பேசுனாரு, மெஷினுல்ல பேசுச்சு” என்று தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்து, உதட்டையும் விரலால் கோணலாக்கிவிட்டுப் போனாள். இப்போது திரைக்குப் பின்னால் டீச்சரின் செல்போன் மெஷின் குரலில் கருந்துளையைப் பற்றிப் பேசுகிறது. கூட்டம் கைதட்டுகிறது. “அச்சு அசல் அவரேதான்” என்று சிறப்பு விருந்தினர் குனிந்து மைக்கை நீட்டுகிறார். “ஓம் பேரென்ன தாயி?” எச்சிலை விழுங்கிக்கொண்டு முத்துமீனா தலையை நிமிர்த்துகிறாள். டீச்சர் ஓடிவந்து அந்தத் தலையை மறுபடி தோளில் அழுத்துகிறாள். “பேசக்கூடாது சார், வேசம் கலஞ்சிரும்.” முன்வரிசையில் அப்பா மலைச்சாமி செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். “ஆடாம அப்பிடியே இரு தாயி. இதுதான் நல்லாருக்கு.”