கதவுக்குத் தெரிந்த வயது

எழுபத்தாறு வயதில் திலகவதியின் நோய் எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோயிருந்தது. தும்மல், இருமலோடு யார் வந்தாலும், அவள் உடல்நிலையைக் கணித்துக் காவல் காக்கும் தானியங்கி வீட்டுக் கதவு திறக்காது. அதிலும் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. வருடம் முழுக்கச் சளியோடு திரியும் நாத்தனார் கோமளம், மூன்று வருடமாக வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

மகன் ஆசையாக ஒரு புது ஊசி போடவைத்தான். எதிர்ப்புச் சக்திக்கு மட்டும் இருபத்தைந்து வயதாகிவிட்டது.

மறுநாளே கோமளம் மூக்கை உறிஞ்சியபடி பெட்டியோடு வந்து நின்றாள். கதவு அகலத் திறந்தது.

"அண்ணி! மூணு வருஷத்துக்கும் சேத்து இருந்துட்டுதான் போவேன்!"

திலகவதி அவசரமாக இருமினாள். "எனக்கு ஒடம்பு சரியில்லம்மா, ஒட்டிக்கப் போவுது..."

"பயப்படாம வாங்க," என்றது கதவு. "அது நடிப்பு இருமல்."