கோடு இறங்கக் கூடாது

திரையில் சிவப்புக் கோடு ஜனவரியில் உச்சியில் தொடங்கி டிசம்பரில் தரையைத் தொட்டிருந்தது. கிளை மேலாளர் அதை முறைத்துப் பார்த்தார். விற்பனை இப்படியா விழும்? பதினோரு மணிக்கு டைரக்டர் வருகிறார். மண்டல மேலாளர் பதவி யாருக்கு என்பது இன்றைக்கு முடிவாகிவிடும்.

"வாழ்த்துகள் சார்," என்றாள் நிரல் எழுதி அந்தப் படத்தை வரைந்த புரோகிராமர்.

நக்கலைப் பார், என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார். இந்தக் கிளைக்கு வந்து ஒரு வருஷமாகிறது. எந்தப் படத்திலும் கோட்டைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. ஏறினால் தன் உழைப்பு, இறங்கினால் ஊழியர்களின் சோம்பல். ஒரு மேலாளருக்கு இவ்வளவு புள்ளியியல் போதும் என்பது அவர் கட்சி.

"இத இப்படியே காட்டினா என் கதை முடிஞ்சுது. மொதல்ல அந்தச் சிவப்ப மாத்தும்மா. பச்சை போடு."

"சார், அந்தக் கோடு வந்து..."

"சொன்னதச் செய்யும்மா."

அவள் நிரலில் ஒரு வரியை மாற்றி ஓடவிட்டாள். கோடு பச்சையானது. ஆனால் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது.

"இடது பக்கம் நானூறு வரைக்கும் நம்பர் இருக்கே, அத நாலாயிரம் ஆக்கு."

"ஆக்கினா கோடு தட்டையாயிடும் சார். நானூறுல இருந்து நாப்பதுக்கு வந்ததே தெரியாது."

"அதுதாம்மா வேணும்." அந்த வருஷத்தில் அவர் ஆபீஸில் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அப்புறம், தலைப்பு எதுக்கு ஆள் உசரத்துக்கு? எறும்பு சைஸுக்குக் குறை."

"நீங்க ஒரு தடவை அதப் படிச்சுப் பாத்தீங்கன்னா..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் விசைப்பலகைக்குத் திரும்பினாள். எழுத்தின் அளவை இருபத்திரண்டிலிருந்து ஆறாக்கினாள். சம்பளம் கோடு போடத்தான், வாதாடுவதற்கு இல்லை.

டைரக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். திரை முழுக்க வெறும் வெள்ளை; அடியில் படுத்துத் தூங்கியது ஒரு பச்சைக் கோடு.

"என்னங்க, வருஷம் பூரா அப்படியே இருக்கு?"

மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமா சார். ராப்பகலா கூடவே நின்னு, ஒரு இம்மிகூட இறங்க விடல."

டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் போய்த் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு திரும்பி, மேலாளரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கஸ்டமர் புகார் இறங்கணும்னுதானே உங்கள இந்தக் கிளைக்கு அனுப்புனேன்?"