சுட்ட கிழங்கு

தகரக் கதவு படாரென்று திறந்தது. தலைமைத் தோட்டக்காரர் சுடலைமுத்து சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்.

"யாரும் சாப்பிடாதீங்க."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பூங்காவில் செடிப் பக்கம் போக முடியாது. கருவி அறையில் உட்கார்ந்து கும்பையா கத்திகளைத் தீட்டுவார். களையெடுக்கும் தெய்வானை, மணல் பெட்டியில் கிடக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்துச் சுடுவாள். இன்றும் கும்பையா ஒன்றைத் தோலுரித்து வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"கூரை ஒழுகுதுன்னு காலையில பெட்டிகளை இடம் மாத்தி வச்சேன், தாயி. நீ எடுத்தது நடவுக்கு வச்ச செங்காந்தள் கிழங்கு. முழு விஷம்."

கும்பையாவின் கையிலிருந்து கிழங்கு நழுவியது.

"எங்க வீட்டுக்காரி சமையலையே தாங்குன வயிறு இது," என்று சிரிக்கப் பார்த்தார். "நீ தின்னியா, தெய்வானை?"

"இல்லண்ணே."

அவள் கதவுக்கு வெளியே பார்த்தாள். சேற்றில் பதிந்திருந்த காலடிகளை மழை கரைத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல சுட்டத, இங்க ஒதுங்கி நின்ன புள்ளத்தாச்சிகிட்ட கொடுத்தேன். பசிக்குதுன்னு தின்னுக்கிட்டே போனா."