நல்ல பல் டாக்டர் யார்?

"உனக்குத் தெரிஞ்சு நல்ல பல் டாக்டர் யாராவது உண்டோ?"

ஸ்ரீவராகம் தெருவில் அழகியநம்பி மாமாவின் கண்ணில் பட்டுவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. கேட்கும்போதே வலது கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

அன்றைக்கு மாட்டியவர் கோடி வீட்டு பத்மகுமார்.

"என் பையனுக்குத் தெத்துப்பல்லு இருந்துதே மாமா. மணக்காட்டிலே ஒரு டாக்டர் கம்பி போட்டா. இப்ப பல்லெல்லாம் வரிசையா வந்தாச்சு, கேட்டேளா."

"கம்பி போட்டா வலிக்குமோ?"

"முதல்லே கொஞ்ச நாள். அப்பறம் பழகிடும்."

"மேல்பல் முன்னாடி தள்ளிண்டிருந்தா? நடுவிலே இடைவெளி விழுந்திருந்தா?"

பத்மகுமாரும் சளைக்காமல் பதில் சொன்னார். ஆபீஸ் பஸ் போயே போய்விட்டது.

எதிர் வீட்டு கிருஷ்ணவேணிக்கு எரிச்சலாக வந்தது. மாதக்கணக்கில் இதே பாட்டு. தெருவே சேர்ந்து டாக்டர்களைச் சொல்லியாயிற்று, மனுஷர் ஒருவரிடமும் போகிற வழியைக் காணோம். இந்த வயதிலும் பல் டாக்டரைக் கண்டு பயமா?

சனிக்கிழமை காலை ஆட்டோவைக் கொண்டுவந்து அவர் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏறுங்கோ மாமா. எனக்கு ஞானப்பல் எடுத்த டாக்டர்தான். அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு."

"இன்னிக்கு வலி தேவலையே..."

"ஏறுங்கோன்னா!"

மாமா வழியெல்லாம் தெருப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் சபீனா அவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கிருஷ்ணவேணியிடம் திரும்பினாள்.

"எந்தப் பல்லு வலிக்குதுன்னு சொன்னார் சேச்சி? மேலயும் கீழயும் செட்டுப்பல்லாக்கும். சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்ல. ஈறும் நல்லாத்தான் இருக்கு."

கிருஷ்ணவேணிக்கு ஆத்திரம் பொங்கியது.

"எதுக்கு மாமா இந்த நாடகம்? தெருவையே முட்டாளாக்கிட்டேளே!"

மாமா சாய்ந்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"மாமி போனப்பறம் ஆத்துலே பேச்சுச் சத்தமே இல்லை கிருஷ்ணவேணி. சௌக்கியமான்னு கேட்டா எல்லாரும் தலையை ஆட்டிண்டே போயிடறா. பல் டாக்டர் யாருன்னு கேட்டா நிக்கறா. ஒவ்வொருத்தருக்கும் சொல்றதுக்கு ஒரு பல்லுக் கதை இருக்கு."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தெருவிலே சொல்லிடாதே, அம்மா. அப்பறம் ஒருத்தரும் நிக்க மாட்டா."

அவளுக்குச் சுருக்கென்றது. எதிர் வீட்டிலேயே இருந்துகொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்களில் அவளும் ஒருத்திதான்.

ஆட்டோ திரும்பி வந்தபோது பத்மகுமார் தெருவில் நின்றிருந்தார். கூட இன்னும் இரண்டு பேர்.

"என்ன மாமா, பல்லைக் காமிச்சாச்சா? டாக்டர் என்ன சொன்னா?"

மாமா இறங்காமல், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கிருஷ்ணவேணி முந்திக்கொண்டாள்.

"அந்த டாக்டர் சரிப்படலை. வேற நல்ல டாக்டர் யாராவது தெரிஞ்சா, மாமாகிட்ட நின்னு நிதானமா சொல்லிட்டுப் போங்கோ."